கடைசி ஓவர் எத்தனை நாள் காப்பாற்றும்?

தருமபுரி மாவட்டம், தீர்த்தமலை அடிவாரம். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் எட்டு ஓவர் டென்னிஸ் பால் போட்டி. கடைசி ஓவரில் எதிரணிக்கு ஒன்பது ரன் வேண்டும். மீசை அரும்பாத ஓர் இடக்கைப் பையன் பந்தை வாங்கினான். ஆறு பந்து, ஐந்து ரன், ஒரு விக்கெட். கோப்பை இவர்களுக்கு. பட்டாசுத் திரி பற்றுவதற்குள் என் பக்கத்தில் நின்றவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "அடுத்த நட்டு இவன்தாங்க. வேணும்னா எழுதி வெச்சுக்கோங்க."

இந்தப் பக்கத்தில் நட்டு என்றால் யாரென்று விளக்க வேண்டியதில்லை. 1965 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். சேலத்துச் சின்னப்பம்பட்டியின் யார்க்கர் வீச்சாளர் நடராஜன் எங்களுக்கும் பிள்ளைதான். எழுதி வைத்துக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் ஓர் ஓவரைப் பார்த்து ஒருவனுடைய வாழ்க்கையைச் சொல்லிவிட முடியுமா? ஓர் ஓவர் போகட்டும், ஒரு சீசனைப் பார்த்தாவது சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியோடு நம்மைவிட அதிக நாள் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கர்கள். பேஸ்பாலில் 'க்ளோசர்' என்று ஒருவர் உண்டு. எட்டு இன்னிங்ஸை மற்றவர்கள் வீசி முடித்த பிறகு, ஒன்பதாவதில் வந்து மூன்று பேரை அவுட் ஆக்கிவிட்டுப் போவது அவர் வேலை. முன்னிலை மூன்று ரன்னோ அதற்குக் குறைவோ இருக்கும்போது வந்து ஆட்டத்தைக் கைவிடாமல் முடித்தால், அவர் கணக்கில் ஒரு 'சேவ்' ஏறும். 1969 முதல் இது அங்கே அதிகாரபூர்வமான புள்ளிவிவரம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் மூன்று ரன் கையில் இருக்க, மூன்றே அவுட் எடுப்பது சுமாரான வீச்சாளருக்கும் பெரும்பாலும் முடிகிற காரியம். ஒரு ரன் முன்னிலையைக் காத்தவனுக்கும் அதே ஒரு சேவ், மூன்று ரன் முன்னிலையில் இரண்டை விட்டுக்கொடுத்துத் தப்பித்தவனுக்கும் அதே ஒரு சேவ். கணக்குப் புத்தகத்தில் இருவரும் சமம்.

இந்தக் கணக்கில் மின்னி மறையும் க்ளோசர்களும் உண்டு, நிலைப்பவர்களும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணியின் எரிக் கேன்யே 2002 முதல் 2004 வரை தொடர்ந்து 84 வாய்ப்புகளைத் தவறவிடாமல் முடித்தவர். 2003இல் 55 வாய்ப்பு, 55 சேவ். ஆண்டின் சிறந்த வீச்சாளருக்கான சை யங் விருது. 2005இல் உடம்பு மக்கர் செய்தது. அந்த ஆண்டு 14 ஆட்டம், அடுத்த ஆண்டு வெறும் 2 ஆட்டம். வளர்ச்சி ஹார்மோன் எடுத்ததைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார் என்பது தனிக் கதை. இந்தப் பக்கம் நியூயார்க் யாங்கீஸ் அணியின் மரியானோ ரிவெரா: 652 சேவ். 2012இல் முழங்கால் தசைநார் கிழிந்தது. கதை முடிந்தது என்றார்கள். 2013இல், 43 வயதில், திரும்பி வந்து 44 சேவ் எடுத்துவிட்டு ஓய்வு பெற்றார்.

ஒரே வேலை, ஒரே புள்ளிவிவரம். ஒருவர் மூன்று ஆண்டு எரிந்து அணைந்தார். இன்னொருவர் பதினேழு ஆண்டு எரிந்தார். முன்கூட்டியே எதை வைத்துப் பிரித்திருக்கலாம்?

காப்பாற்றியதும் நன்றாக வீசியதும்

நம் ஊர் உதாரணங்களுக்கு வருவோம். 2007 செப்டம்பர் 24, ஜோகன்னஸ்பர்க். முதல் டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்கு 13 ரன் தேவை; பந்து ஜோகிந்தர் சர்மா கையில். முதலில் ஒரு வைடு. பிறகு ரன் இல்லாத ஒரு பந்து. அடுத்தது சிக்ஸர். அதற்கடுத்த பந்தை மிஸ்பா உல் ஹக் பின்பக்கமாகத் தூக்க, ஸ்ரீசாந்த் பிடித்தார். இந்தியாவுக்குக் கோப்பை. அந்தப் பந்துக்குப் பிறகு ஜோகிந்தர் இந்திய அணிக்காக ஒரு சர்வதேச ஆட்டம்கூட ஆடவில்லை. நாடே கொண்டாடிய அந்த ஓவரில் ஒரு வைடும் ஒரு சிக்ஸரும் இருந்தன என்பதைத் தேர்வாளர்கள் மறக்கவில்லை போலும்.

அடுத்தது சொல்லவே வலிக்கிறது. 2019 மே 12, ஹைதராபாத், ஐபிஎல் இறுதிப் போட்டி. கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ரன். லசித் மலிங்கா வீசினார். கடைசிப் பந்தில் இரண்டு ரன் தேவைப்பட, வேகம் குறைத்த யார்க்கரில் ஷர்துல் தாகுர் எல்பிடபிள்யூ. மும்பை ஒரு ரன்னில் வென்றது. மலிங்கா மாவீரர் ஆனார். ஆனால் அந்த ஓவருக்கு முந்தைய மூன்று ஓவரில் அவர் கொடுத்தது 42 ரன். நான்கு ஓவருக்கு 49. அவர் அன்று மோசமாக வீசி, நன்றாக முடித்தார். இரண்டும் உண்மை, நமக்கு நினைவில் நிற்பது இரண்டாவது மட்டும்.

மூன்றாவது யஷ் தயாள். 2023 ஏப்ரல் 9, அகமதாபாத். கடைசி ஓவரில் கொல்கத்தாவுக்கு 29 ரன். அடுத்தடுத்து ஐந்து பந்தில் ஐந்து சிக்ஸர் அடித்தார் ரிங்கு சிங். தயாளின் கதை முடிந்தது என்று அன்றிரவே தீர்ப்பு எழுதியவர்கள் ஆயிரம் பேர். 2024 மே 18, பெங்களூரு. பிளேஆஃப் போகச் சென்னைக்குக் கடைசி ஓவரில் 17 ரன். அதே தயாள். முதல் பந்தில் தோனி சிக்ஸர். இரண்டாவதில் தோனி அவுட். மிச்சம் நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். ஓராண்டுச் சொச்சத்தில் அவர் வேறு வீச்சாளராக மாறிவிட்டாரா? ஆறு பந்து எதையும் நிரூபிப்பதில்லை. நல்லவன் என்றும் நிரூபிப்பதில்லை, கெட்டவன் என்றும் நிரூபிப்பதில்லை.

168 பந்துக் கணக்கு

சரி, ஓர் ஓவர் போதாது. சீசன் முழுக்கப் பார்த்தால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐபிஎல்லில் ஓர் அணிக்கு 14 லீக் ஆட்டம். ஒவ்வொன்றிலும் இரண்டு கடைசிக்கட்ட ஓவர், அதாவது 'டெத் ஓவர்', ஒருவருக்குக் கிடைப்பதாக வைத்துக்கொண்டால் 28 ஓவர், 168 பந்து. ஓவருக்கு 9 ரன் என்றால் மொத்தம் 252. இப்போது அதில் சிக்ஸர் போன ஐந்து பந்துகளை மட்டும் எடுங்கள். அவை கயிற்றைத் தாண்டாமல் ஓரடி உள்ளே பீல்டர் கையில் விழுந்திருந்தால்? 30 ரன் குறையும், 222 ஆகும். ஓவருக்கு எட்டுக்கும் கீழே. கூடவே ஐந்து விக்கெட் சேரும். காற்று கொஞ்சம் எதிர்த்து அடித்திருந்தால், மைதானம் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால், "அடி வாங்குகிறார்" என்ற தலைப்பு "மிரட்டுகிறார்" என்று மாறியிருக்கும். வீச்சாளர் செய்தது ஒன்றே.

பேஸ்பால்காரர்கள் இதைக் கால் நூற்றாண்டுக்கு முன்பே பிடித்துவிட்டார்கள். மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழும் பந்து அவுட் ஆகிறதா இல்லையா என்பதில் வீச்சாளரின் கை நினைத்ததைவிடக் குறைவு. பீல்டரும் அதிர்ஷ்டமும் பங்கு கேட்கிறார்கள். யாருடைய உதவியும் இல்லாமல் ஆளை வீழ்த்துவதும், இலவசமாக ஆளை நடக்க விடாமல் இருப்பதும்தான் ஆண்டுக்கு ஆண்டு அதிகம் மாறாதவை. கிரிக்கெட்டில் சொன்னால், போல்டும் எல்பிடபிள்யூவும் ரன்னே வராத பந்துகளும் வீச்சாளரின் சொந்தச் சம்பாத்தியம். எல்லைக்கோட்டில் பிடிக்கப்படும் கேட்சில் பாதி கடன்.

மலைமேல் இராமர் தீர்த்தம் இருக்கிறது. மழை பெய்த மறுநாள் இந்த மலையில் எந்தப் பாறையிலும் தண்ணீர் இறங்கும், பார்க்கப் பெரிதாகவும் இருக்கும். சித்திரை வெயிலிலும் விழுந்துகொண்டிருப்பதைத்தான் தீர்த்தம் என்கிறார்கள். விக்கெட் எண்ணிக்கை மழைத்தண்ணீர். பார்க்க வேண்டியது பாறைக்குள் இருப்பதை.

நடராஜனை வைத்துப் பார்த்தால்

இந்தக் கண்ணோடு நம் பிள்ளையின் ஏட்டைத் திறப்போம். 2017இல் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 6 ஆட்டம், 2 விக்கெட். அதை மட்டும் பார்த்தவர்கள் பணம் வீண் என்றார்கள். அடுத்த இரண்டு சீசன் ஹைதராபாத் அணியில் பெஞ்ச். 2020இல் வாய்ப்பு வந்தது: 16 ஆட்டம், 16 விக்கெட், ஓவருக்கு எட்டு ரன். எலிமினேட்டரில் டிவில்லியர்ஸின் ஸ்டம்பைச் சாய்த்த யார்க்கரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வலைப்பயிற்சி வீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 மார்ச் 28, புனே: கடைசி ஓவரில் இங்கிலாந்துக்கு 14 ரன், எதிரே சதத்தை நெருங்கிக்கொண்டிருந்த சாம் கரன். நடராஜன் கொடுத்தது ஆறு. இந்தியா 7 ரன்னில் வென்றது. நீல உடையில் அவர் கடைசியாக ஆடிய நாள் அது.

அடுத்த மாதமே முழங்கால் அறுவை சிகிச்சை. 2021 சீசனில் 2 ஆட்டம். 2022இல் 11 ஆட்டம், 18 விக்கெட். 2023இல் 12 ஆட்டம், 10 விக்கெட். 2024இல் 14 ஆட்டம், 19 விக்கெட். அதில் டெல்லிக்கு எதிராக 19 ரன்னுக்கு 4. பதினெட்டு, பத்து, பத்தொன்பது என்று ஏறி இறங்கும் இந்தப் படியைப் பார்த்து ஆள் 2023இல் மங்கி 2024இல் திரும்ப மிளிர்ந்தார் என்று சொல்லத் தோன்றும். அதே அணி, அதே வேலை. மங்கவும் இல்லை, மிளிரவும் இல்லை. கடன் கேட்ச்கள் ஓர் ஆண்டு வந்தன, ஓர் ஆண்டு வரவில்லை என்பதே என் வாசிப்பு.

ஓவருக்குக் கொடுத்த ரன் எட்டிலிருந்து ஒன்பதுக்கு ஏறியதே என்பார்கள். இம்பாக்ட் பிளேயர் விதி வந்த பிறகு ஆட்டமே மாறிவிட்டது. ஹைதராபாத் அணி 287 அடித்த 2024 சீசனில், எல்லா ஓவரையும் சேர்த்த சராசரியே ஒன்பதரையைத் தொட்டது. கடைசி ஓவர்களை வீசுகிறவர் அந்த ஆண்டு ஒன்பது சொச்சத்தில் நின்றார் என்றால் அவர் இறங்கவில்லை. வெள்ளம் ஏறியதில் அதே உயரத்தில் நின்றார்.

ரிவெராவை நிலைக்க வைத்தது ஒரே ஒரு பந்து, அவருடைய 'கட்டர்'. அது வரும் என்று மட்டையாளருக்குத் தெரியும். தெரிந்தும் அடிக்க முடியவில்லை. நிலைக்கும் திறமைக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை: ரகசியம் வெளியான பிறகும் வேலை செய்கிறதா? நடராஜனின் யார்க்கர் 2020இலேயே ஊரறிந்த ரகசியம். 2024லும் அது ஸ்டம்பைத் தேடிப் போனது. அதன் வேர் டென்னிஸ் பாலில் இருக்கிறது. எட்டு ஓவர் போட்டியில் முதல் ஓவரே டெத் ஓவர்தான். எவனும் பந்தை நிறுத்தி ஆட மாட்டான். லேசான பந்து, குறுகிய எல்லை, ஸ்விங்கும் பெரிதாகக் கிடையாது. தப்பிக்க ஒரே வழி காலடியில் போடுவது. இருபது வயது வரை அதையே செய்தவருக்கு அது வித்தையாக இல்லை, பழக்கமாக ஆகிவிட்டது. பழக்கம் லேசில் போகாது.

அப்படியானால் நிலைக்கும் என்று முடித்துவிடலாமா? இங்கேதான் ஏலக்காரர்கள் சறுக்குகிறார்கள். 2024 நவம்பரில் டெல்லி அணி அவரை 10.75 கோடிக்கு வாங்கியது. 2025 சீசனில் அவர் ஆடியது 2 ஆட்டம், விக்கெட் இல்லை. 19 விக்கெட் என்ற மழைத்தண்ணீருக்குக் கொடுத்த விலை அது. திறமையை மட்டும் பார்த்திருந்தாலும் விலை தப்பாகத்தான் போயிருக்கும்; ஏனென்றால் யார்க்கர் போடுவது மணிக்கட்டு மட்டுமல்ல, பாய்ந்து வந்து முழு எடையையும் தாங்கும் முன்கால் முட்டியும்தான். ஐபிஎல்லில் 2025 வரை நான் கூட்டிய ஏழு சீசன்களில் 63 ஆட்டம், 67 விக்கெட். அந்த 67ஐ எல்லோரும் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது 63ஐ. 2021இல் 2, 2025இல் 2 என்ற இரண்டு பள்ளங்கள் அதில்தான் தெரிகின்றன.

என் தீர்ப்பு இதுதான். கடைசி ஓவர்க்காரனின் திறமை, புள்ளிவிவரம் காட்டுவதைவிட நிலையானது. உடம்பு, நாம் நம்ப விரும்புவதைவிட நிலையற்றது. நடராஜன் ஓடி வர முடிகிற நாளெல்லாம் அந்த யார்க்கர் வரும். 1991இல் பிறந்தவர் இன்னும் எத்தனை நாள் அப்படி ஓடி வருவார் என்பதை விக்கெட் பட்டியல் சொல்லாது. அதை முட்டிதான் சொல்லும். அவரை எடுக்கிற அணி ஆட்டக் கணக்கில் விலை பேசட்டும், விக்கெட் கணக்கில் வேண்டாம்.

பரிசளிப்பு முடிந்து கூட்டம் கலைந்ததும் அந்தப் பையனைப் பிடித்தேன். கோப்பையை நண்பர்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கடைசி ஓவர்ல ஆறு பந்து போட்டியே, நீ நெனச்ச எடத்துல எத்தனை விழுந்துச்சு?"

கொஞ்சம் யோசித்தான். சிரித்தான்.

"ரெண்டுதாண்ணா. மத்த நாலும் அவங்க விட்டது."

பக்கத்தில் நின்றவரின் தீர்ப்பைவிட இந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.