கத்தி தீர்த்துவைக்காத கதை

காலேஜ் ஹாஸ்டலில் 'கிரேஸ்லிங்' நாவலை இரண்டே ராத்திரியில் படித்து முடித்தபோது எனக்குக் கட்சாவின் கைகள் வேண்டும்போல இருந்தது. எவன் வந்தாலும் அடித்துப் போட்டுவிடுகிற கைகள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தபோது சண்டைப் பக்கங்களை வேகமாகத் தள்ளிவிட்டு வேறோர் இடத்தில் நின்றுவிட்டேன். (இனி கதை முடிவுகளையும் சொல்லப்போகிறேன், கோபப்படாதீர்கள்.)

கிறிஸ்டின் கஷோரின் இந்த நாவல் 2008இல் வெளிவந்தது. அந்த உலகில் சிலருக்கு இரண்டு கண்களும் இரண்டு நிறம். அவர்களுக்கு ஏதோ ஒன்றில் அசாத்தியத் திறமை இருக்கும். அதை வரம் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் பெரும்பாலான நாடுகளில் வரம் பெற்ற பிள்ளை அரசனின் சொத்து. கட்சாவின் வரம் கொலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எட்டு வயதில் தன்னிடம் தப்பாக நடக்க வந்தவனை ஒரே அடியில் கொன்றுவிடுகிறாள். அதன்பின் அரசன் ராண்டா அவளை அடியாளாக வளர்க்கிறான்.

நான் நின்ற இடம், ராண்டாவின் சபை. மகளைத் தர மறுத்த ஒரு பிரபுவைத் தண்டிக்க அனுப்பப்பட்டவள், அதைச் செய்யாமல் திரும்பி வந்து நிற்கிறாள். அங்கிருக்கும் அத்தனை பேரையும் அவளால் கொல்ல முடியும். கொல்லாமல், 'இனி செய்யமாட்டேன்' என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறாள். இந்த வகை நாவல்கள் பலவற்றில் சக்தி கிடைத்ததும் பெண் விடுதலை ஆகிவிடுவாள். கட்சாவிடம் சக்தி சின்ன வயசிலிருந்தே இருந்தது. விடுதலை அந்த மறுப்பில்தான் வந்தது.

ஆனால் நாவல் தன் கண்டுபிடிப்பைக் கடைசிவரை நம்பவில்லை. வில்லன் லெக், மான்சியாவின் அரசன். அவன் சொல்வதைக் கேட்பவர் நம்பிவிடுவார், அதுதான் அவன் வரம். அவன் பொய்யை ஒருவர் இன்னொருவரிடம் சொன்னாலும் அந்தப் பனிமூட்டம் தொற்றிக்கொள்ளும். இப்படி ஒரு அபாரமான எதிரியைப் படைத்துவிட்டு, கட்சா வீசும் ஒரு கத்தியில் கதையை முடித்துவிடுகிறார் கஷோர். முதல் வாசிப்பில் கைதட்டினேன். இரண்டாவது வாசிப்பில் ஏமாற்றமாக இருந்தது. ஏனென்றால் எனக்கு அந்தப் பனிமூட்டத்தைத் தெரியும். 'அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கல, நீயா கற்பனை பண்ணிக்காத' என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். சொன்னவர் இறந்து வெகுநாளாகிறது. ஆனாலும் அந்த வாக்கியம் போகவில்லை.

அந்தக் கடனை 2012இல் வந்த 'பிட்டர்ப்ளூ' அடைக்கிறது. லெக்கின் மகள் பிட்டர்ப்ளூவுக்கு இப்போது 18 வயது. எட்டு ஆண்டுகளாக ராணி. அவளுக்கு எந்த வரமும் கிடையாது. மேசை நிறையக் காகிதம், சுற்றிலும் 'பழசைக் கிளறாதீங்க' என்று தடுக்கும் ஆலோசகர்கள். ராத்திரியில் மாறுவேடத்தில் நகரத்துக்குள் போய், சனங்கள் கதை சொல்லும் கூடங்களில் உட்கார்ந்து கேட்கிறாள். அம்மா படுக்கை விரிப்புகளில் போட்டிருந்த பூத்தையலே சங்கேத எழுத்து என்று கண்டுபிடிக்கிறாள். ஆலோசகர்கள் ஏன் மறைத்தார்கள் என்பதுதான் கொடூரம்: லெக்கின் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அவன் குற்றங்களில் அவர்களும் கை வைத்திருக்கிறார்கள். அவர்களும் பாதிக்கப்பட்டவர்கள்தான், குற்றவாளிகளும்தான். இங்கே கத்தியை யார்மேல் வீசுவது?

குறைகள் உண்டு. நாவல் நீளம், புதிர்கள் இழுக்கின்றன, சாஃப் என்கிற திருடனோடு வரும் காதல் எனக்கு ஒட்டவே இல்லை. இருந்தும், கட்சாவைவிட வலிமையான நாயகி பிட்டர்ப்ளூதான் என்று தைரியமாகச் சொல்வேன். கட்சா லெக்கைக் கொன்றாள். இவள் லெக் செய்தது என்னவென்று ஒவ்வொருவராய்க் கேட்டு எழுதி வைக்கும் வேலையை ஆரம்பிக்கிறாள். இரண்டாவது வேலை முடிவதே இல்லை.

புத்தகத்தை மூடிய அன்று அக்காவுக்கு போன் பண்ணினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: 'அது உனக்கும் ஞாபகம் இருக்கா?'

ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள், 'இருக்குடி. தேதியோட இருக்கு.'