பாலைவனத்தில் கேட்ட குரல்

யூதர்கள் தவ்ராத்தை 54 பகுதிகளாக வகுத்து, சனிக்கிழமைதோறும் ஜெப ஆலயங்களில் ஓதி, ஓராண்டில் நிறைவு செய்வர். திருநாட்களுக்கெனத் தனி ஓதல்கள் உண்டு. அவர்தம் புத்தாண்டின் முதல் நாளுக்குரியது எதுவென அறிந்தால் நம்மவர் வியப்படைவர். அது ஆதியாகமத்தின் 21-ஆம் அதிகாரம். வீட்டைவிட்டு அனுப்பப்பெற்ற ஹாஜரா அம்மையாரும் மகனார் இஸ்மாயீல் (அலை) அவர்களும் பாலைவனத்தில் நீரின்றித் தவித்த வரலாறு அதில்தான் வருகிறது. அவர்கள் பெயர்ஷெபா என்பர்; நாம் மக்கா என்போம். தாயின் தவிப்பு ஒன்றே.

பிள்ளை இருந்த இடத்திலேயே இறைவன் அவர் குரலைக் கேட்டான் என்னும் வசனத்திற்கு, பிரான்ஸ் நாட்டு விரிவுரையாளர் ராஷி (1040–1105) முன்னோர் மரபைத் தழுவிப் பொருள் கூறுகிறார். இவர் சந்ததியார் பிற்காலத்தில் இஸ்ரவேலரைத் தாகத்தால் மாய்ப்பர். இவருக்கு நீர் அருளலாமோ என வானவர் முறையிட்டனராம். இந்நேரத்தில் இவர் நல்லவரா, தீயவரா என வினவினானாம் இறைவன். நல்லவரே என்றனர். அங்ஙனமாயின் இந்நேரத்துச் செயலைக் கொண்டே தீர்ப்பு என்றானாம். தீர்ப்பு நாளென அவர்கள் கருதும் புத்தாண்டுக்கு இதனினும் பொருத்தமான விளக்கம் அரிது.

எனினும் குறை சொல்லாதிருத்தல் முறையன்று. அதே ராஷி, எட்டு வசனங்களுக்கு முன்னர், பாலகர் நகைத்தார் என்னும் ஒரே சொல்லுக்குச் சிலை வணக்கம், ஒழுக்கக்கேடு, கொலை என மூன்று பொருள்களை அடுக்குகிறார். இஸ்மாயீலை நபியென ஈமான் கொண்ட நாம் இதனை ஏற்கோம் என்பது ஒருபுறம். அவருடைய அளவுகோலாலேயே அளந்தாலும் இரண்டு உரைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. முன்னதில் விரோதம் பேசுகிறது. பின்னதில் நீதி பேசுகிறது.

ஸ்பெயின் நாட்டு ரம்பான் (1194–1270) வேறு வகையினர். 16-ஆம் அதிகாரத்தில், ஹாஜராவைத் துன்புறுத்தியது ஸாரா அம்மையாரின் பிழை, அதற்கு இடமளித்தது இப்ராஹீம் (அலை) அவர்களின் பிழை என்று எழுதுகிறார். நபிமார் பாவத்தினின்றும் காக்கப்பெற்றோர் என்பது நமது அகீதா. அவ்வளவில் அவரோடு உடன்படோம். ஆயினும், குலத்தாயைக் காக்க வேண்டி அடிமைப் பெண்ணின் கண்ணீரை மறைக்காத அவரது நேர்மையை மெச்சாதிருக்க இயலாது.

ஓத வரும் பிள்ளையை நோக்கி, “இவன் உருப்படமாட்டான்” என்று நாமே சொன்னதுண்டு. நாளை என்னாவானோ என்னும் அச்சத்தால் இன்றைய பிள்ளையைத் தண்டித்தோம். எதிரியின் குழந்தை நாளை எதிரியாவான் என்று அதன் குவளை நீரைத் தடுப்போர், யூதராயினும் முஸ்லிமாயினும், இந்த அதிகாரத்தை இன்னும் ஓதவில்லை என்றே கொள்வோம்.