மூன்று தாயர்: குடும்ப உணர்ச்சியும் அரசியலும்

குடும்பம் உணர்ச்சியின் களம், அரசியல் அதற்குப் புறத்தே நிகழ்வது என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பொருளிலக்கணத்தின் அகம், புறம் என்னும் பகுப்பை இதற்குச் சான்றாகக் காட்டுவோரும் உளர். மறுபுறம், முற்போக்கு இலக்கியத்தில் தாயொருத்தி கண்ணீர் வடித்தால் அதனை வெறும் மிகையுணர்ச்சியென ஒதுக்கும் விமர்சகரும் உளர். முரண்பட்டவைபோலத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் ஒரே அடித்தளத்தின்மீதே நிற்கின்றன: உணர்ச்சியும் அரசியலும் பிரிக்கத்தக்கவை என்பதே அது. அவ்வடித்தளத்தின் உறுதியை இலக்கியத்தில் வரும் மூன்று தாயரைக் கொண்டு சோதிப்போம்.

முதலாமவள் புறநானூற்று 279ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் பெண். அவளது பிறந்தகத்து ஆடவன் ஒருவன் முன்னொரு போரில் யானையை வீழ்த்தி மாண்டான். கணவன் நிரை காக்கும் போரில் நேற்று மாண்டான். இன்று பறையொலி கேட்டதும் ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். இப்பாடலின் துறை மூதின்முல்லை. இல்லம் துறையின் பெயரிலேயே உள்ளது. மகளின் உடன்போக்குக்கு இரங்கும் நற்றாயை அகத்திலும், மகனைக் களத்துக்கு விடுக்கும் தாயைப் புறத்திலும் வைத்த மரபு, குடும்பத்தை அரசியலுக்கு அப்பாற்பட்டதாகக் கொள்ளவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது. நிரை கவர்தலும் நிலங் கொள்ளலும் தலைவரின் வலிமைக்கு அடிப்படையாயிருந்த சமுதாயத்தில், போருக்கு ஆள் வழங்கியது இல்லமே. தாயன்பு அங்கு மறுக்கப்படவில்லை. மறக்குடிப் பெருமையாக மாற்றப்பட்டது. ஆயினும் எண்ணெய் நீவும் அக்கையை மறவாது பதிவுசெய்த புலவர், அம்மாற்றத்தின் விலையையும் நமக்கு விட்டுச்சென்றுள்ளார்.

இரண்டாமவள், மாக்ஸிம் கோர்க்கி 1906இல் எழுதிய 'தாய்' நாவலின் நீலவ்னா. 1902இல் ஸோர்மவோ தொழிலாளர் நடத்திய மேதின ஊர்வலமும் அதனையொட்டிய கைதுகளும் இந்நாவலுக்கு மூலமாயின. ஆலையில் நசுக்கப்பட்ட கணவன் வீட்டில் அவளை அடித்து நசுக்கினான். குடும்பத்தினுள்ளும் ஒடுக்குவோரும் ஒடுக்கப்படுவோரும் உளர் என 1884இல் எங்கெல்ஸ் நிறுவியதை அவள் எந்நூலையும் படியாமலே உடலால் அறிந்தவள். அவள் அரசியலுக்கு வந்தது கோட்பாட்டின் வழியாகவன்று. மகன் பாவெல் சிறையிலிருக்கும்போது பிரசுரங்கள் ஆலைக்குள் தொடர்ந்து வந்தால் பழி அவன்மீது விழாது என்பதற்காகவே, உணவு விற்பவளாகச் சென்று அவற்றைக் கொண்டுசேர்க்கிறாள். ஒருவன்மீது கொண்ட பாசம் அவன் தோழர் அனைவர்மீதும் படர்கிறது, எழுத்தறியாதவள் எழுத்தறிகிறாள். பாசத்தைக் கைவிட்டு அவள் அரசியலை அடையவில்லை. பாசம் விரிந்தமையே அவளது அரசியலாயிற்று.

மூன்றாமவள், மகாசுவேதா தேவி 1974இல் வெளியிட்ட '1084இன் அம்மா' நாவலின் சுஜாதா. நக்சல்பாரி இயக்கத்திற் சேர்ந்து கொல்லப்பட்ட மகன் விரதி, பிணவறையில் வெறும் இலக்கமாகிறான். தந்தை திவ்யநாத் செய்யும் முதற்காரியம் அவன் பெயர் செய்தித்தாளில் வராது தடுப்பது; வீட்டிலும் அவன் நினைவுகள் கண்மறைவாக ஒதுக்கப்படுகின்றன. உணர்ச்சியையும் அரசியலையும் பிரித்துவைப்பது என்பதன் நடைமுறைப் பொருள் இதுவே. குடும்ப மானம் என்ற பெயரில் அங்கு காக்கப்படுவது வர்க்க நிலை. வங்கியில் வேலைபார்க்கும் சுஜாதா, மகனோடு இறந்த ஏழை இளைஞன் சோமுவின் தாய் வீட்டிற்றான் வாய்விட்டு அழ இடங்காண்கிறாள். ஆயினும் இரு தாயரின் துயரும் அவர்களிடையேயுள்ள வர்க்க இடைவெளியை அழித்துவிடவில்லை. அதனை மறைக்காமையே நாவலின் நேர்மை.

இவ்விலக்கியங்கள் எழுப்பும் வினாவுக்கு நமது நாட்டு வரலாறும் உரைகல்லாகும். 1984இல் யாழ்ப்பாணத்தில், கைதான இளைஞரின் விடுதலை வேண்டி அன்னையர் முன்னணி வீதிக்கு வந்தது. 1990இல் தென்னிலங்கையில், பெரும்பாலும் சிங்களத் தாயரைக் கொண்ட அன்னையர் முன்னணி ஒன்று தோன்றியது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். தாய்மை என்ற உரிமையின் பேரிலேயே இவர்கள் அரசைக் கேள்விகேட்டனர். எனினும் துயர் தன்னளவில் முற்போக்கானதன்று. தெற்கின் முன்னணியை அன்றைய எதிர்க்கட்சி அரசியல்வாதிகள் முன்னின்று அமைத்தனர். அக்கட்சி 1994இல் ஆட்சிக்கு வந்தபின் அத்தாயரின் குரல் அதே வலிமையோடு ஒலிக்கவில்லை. புறநானூற்றுத் தாயின் அன்பைத் தலைவர் பயன்கொண்டதுபோலவே, இக்காலத் தாயரின் கண்ணீரையும் கட்சிகள் பயன்கொள்ள முடியும்.

எனவே பிரிக்க முடியுமா என்ற வினாவோடு நாம் நின்றுவிடலாகாது. பிரிக்கச் சொல்பவர் யார், இணைக்கச் சொல்பவர் யார், அதனால் யாருடைய நலன் பேணப்படுகிறது என்பனவே வினவத்தக்கவை. தாயின் கண்ணீரைப் போற்றுவதோடு அமையும் விமர்சனமும் அதனை எள்ளி ஒதுக்கும் விமர்சனமும் இவ்வினாக்களைத் தவிர்த்துவிடுகின்றன. வேலை எடுத்துக் கொடுத்த கை, பிரசுரத்தைச் சுமந்த கை, பிணவறையில் மகனை அடையாளங்காட்டிய கை ஆகிய மூன்றும் தாயின் கைகளே. அவற்றை இயக்கிய சமூக உறவுகளை வேறுபடுத்திக் காட்டுதல் விமர்சனத்தின் கடன்.