திருகுமுனையின் விர்ர்

1988-இல் வந்த நிக்கான் எஃப்4 கேமராவில் எனக்கு மிகவும் பிடித்தது அது குவியம் தேடும் ஓசை. ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தியதும் உடலுக்குள் இருக்கும் மோட்டார் விழித்துக்கொள்கிறது. லென்ஸ் பூட்டும் வளையத்தின் ஓரத்தில் துருத்தி நிற்கும் சிறு திருகுமுனை, லென்ஸின் பின்புறப் பள்ளத்தில் பொருந்திச் சுழல்கிறது. ‘விர்ர்’ என்று ஒரு நீண்ட ஓட்டம், சற்றே தயக்கம், பிறகு ‘விர்’ என்று சின்னத் திரும்பல். பிரடையைத் திருகி வீணைக்குச் சுருதி சேர்ப்பவரின் கவனம் அதில் இருக்கிறது. லென்ஸின் குவிய வளையம் தானே நகர்வதை விரல்கள் உணர்கின்றன. மங்கல் கரைந்து இமைமயிர் ஒவ்வொன்றாகத் தெளிகையில் பச்சைப் புள்ளி ஒளிர்கிறது.

லென்ஸ் வழி வரும் ஒளியைப் பார்வைக்குத் திருப்பும் கண்ணாடியின் நடுப்பகுதி கொஞ்சம் ஒளியைக் கசிய விடுகிறது. பின்னாலுள்ள குட்டிக் கண்ணாடி அதைக் கேமராவின் அடித்தளத்து உணரிக்கு அனுப்புகிறது. லென்ஸின் இரு பக்கங்களிலிருந்து வரும் இரு பிம்பங்களை ஒப்பிட்டு, எந்தப் பக்கம், எவ்வளவு திருக வேண்டும் என்று கேமரா கணிக்கிறது. குவியப் பரப்பு நடுவில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் செங்குத்துக் கோடுகளையே நன்றாகப் பிடிக்கும். கிடைக்கோடு எதிர்ப்பட்டால் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கைதேர்ந்தவர் பதறாமல் கேமராவைச் சற்றே சாய்த்து, குவியத்தைப் பிடித்துப் பூட்டி, மீண்டும் நிமிர்த்திச் சட்டகம் அமைப்பார். இயந்திரத்தின் வேகமும் மனிதரின் பொறுமையும் ஒன்றையொன்று மதித்துச் சேர்ந்து உழைப்பதுதான் இதன் அழகு.