விதிக்கும் மரபுக்கும் இடையில்: ஸ்டார்கிராஃப்ட் விளையாட்டில் தொடக்கத் தாக்குதல்

ஆய்வுச் சுருக்கம்

நிகழ்நேர உத்தி விளையாட்டுகளில், வளர்ச்சியைப் பணயம் வைத்து ஆட்டத்தின் தொடக்கத்திலேயே நிகழ்த்தப்படும் தாக்குதல் நேர்மையற்றது என்னும் கருத்து பரவலாக உள்ளது. ஸ்டார்கிராஃப்ட் தொடரை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை ஆராய்கிறது. இத்தகைய தாக்குதலால் குலைவது பார்வையாளரின் எதிர்பார்ப்பே என்றும், அது நிகழக்கூடும் என்னும் வாய்ப்பே ஏனைய உத்திகளுக்குப் பொருள் தருகிறது என்றும் கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்நேர உத்தி விளையாட்டு, ஸ்டார்கிராஃப்ட், தொடக்கத் தாக்குதல், விதி, மரபு, பார்வையாளர்.

முன்னுரை

பிளிசார்ட் நிறுவனம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்டார்கிராஃப்ட், தென்கொரியாவில் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்படும் தொழில்முறை விளையாட்டாக வளர்ந்தது. டெரன், சர்க், புரோட்டாஸ் என்னும் மூன்று இனங்களுள் ஒன்றைத் தேர்ந்து, கனிமமும் வாயுவும் திரட்டி, கட்டடங்களையும் படையையும் அமைத்து எதிரியை வெல்வதே ஆட்டம். இருவரும் ஒரே நேரத்தில் இயங்குவர். எதிரியின் தளம் மறைந்தே இருக்கும். வேவு பார்த்தாலன்றி அங்கு நடப்பது தெரியாது. பணியாளரைப் பெருக்குவதா, படையைப் பெருக்குவதா என்னும் தேர்வு தொடக்கத்திலேயே எழுந்துவிடுகிறது.

வளர்ச்சியைக் கைவிட்டு விரைந்து தாக்கும் முறையை ஆட்டக்காரர்கள் 'ரஷ்' என்பர். அதன் வழக்கத்துக்கு மாறான வகைகளை இகழ்ச்சியாகச் 'சீஸ்' என்பதும் உண்டு. கொரிய மொழியில் இதற்கு வழங்கும் 'நால்பில்' என்னும் சொல், சமைக்காமல் பச்சையாக உண்ணுதல், அதாவது உழைப்பின்றிப் பெறுதல், என்னும் ஏளனத்தை உட்கொண்டது. இந்த இகழ்ச்சி எதன்மேல் எழுப்பப்பட்டுள்ளது என்பதே இக்கட்டுரையின் வினா.

தாக்குதலின் பொருளாதாரம்

முதல் ஸ்டார்கிராஃப்டில் ஆட்டம் 4 பணியாளருடனும் 50 கனிமத்துடனும் தொடங்குகிறது. வழக்கமான தொடக்கத்தில் அந்த 50 கனிமம் உடனே ஐந்தாம் பணியாளருக்குச் செலவாகும். 'ஃபோர் பூல்' என்னும் உத்தியில் சர்க் ஆட்டக்காரர் ஒரு பணியாளரையும் கூட்டாமல், 200 கனிமம் சேரும்வரை காத்திருந்து, ஸ்பானிங் பூல் என்னும் கட்டடத்தை எழுப்புகிறார். கட்டடமாக மாறும் பணியாளர் மீள்வதில்லை. அதன்பின் 150 கனிமத்தில் ஆறு சர்க்லிங்குகள் பிறந்து எதிரியின் தளத்துக்கு ஓடுகின்றன. அவை தோற்றால் ஆட்டத்தை மீட்பது பெரும்பாலும் இயலாது.

வேறு இரு முறைகளும் நோக்கத்தக்கவை. புரோட்டாஸ் ஆட்டக்காரர் 150 கனிம மதிப்புள்ள ஃபோட்டான் பீரங்கிகளை எதிரியின் தளத்திலேயே எழுப்புவது ஒன்று. டெரன் ஆட்டக்காரர் எதிரியின் வாயிலில் 100 கனிமத்தில் பதுங்கரண் கட்டி அதனுள் வீரரை நிறுத்துவது மற்றொன்று. பீரங்கியும் பதுங்கரணும் தற்காப்புக் கட்டடங்கள். அவற்றை எதிரியின் மண்ணில் நட்டவுடன் அவை தாக்கும் கருவிகளாகின்றன. விதிகள் இடந்தந்தும் மரபு எண்ணிப்பாராத ஒரு பயன்பாட்டை இவ்வுத்திகள் வெளிக்கொணர்கின்றன. ஆகவே, 'உழைப்பின்றிப் பெறுதல்' என்னும் வசை முழுதும் பொருந்துவதில்லை.

2004 அரையிறுதி

இவ்விவாதத்துக்குப் புகழ்பெற்ற சான்று, 2004 நவம்பரில் நடைபெற்ற எவர் ஓஎஸ்எல் போட்டியின் அரையிறுதியாகும். டெரன் ஆட்டக்காரர் லிம் யோ-ஹ்வானும் சர்க் ஆட்டக்காரர் ஹாங் ஜின்-ஹோவும் மோதினர். இவ்விருவரின் நெடுநாள் போட்டிக்கு 'இம்ஜின்ரோக்' என்று ரசிகர்கள் பெயரிட்டிருந்தனர். ஐந்து ஆட்டங்கள் வரை நீளக்கூடிய அவ்வரையிறுதியை லிம் மூன்றே ஆட்டங்களில் முடித்தார். மூன்றிலும் அவர் கையாண்டது பதுங்கரண் தாக்குதலே.

சர்க் ஆட்டக்காரர், படைக்கான கட்டடத்துக்கு முன்பே 300 கனிமம் செலவிட்டு இரண்டாம் தளம் அமைப்பது வளர்ச்சியை முதன்மைப்படுத்தும் தொடக்கமாகும். படை பிறக்கும்வரை அத்தளத்துக்குக் காவலில்லை. பதுங்கரண் தாக்குதல் குறிவைப்பது அந்த இடைவெளியை. பணியாளரைக் கொண்டு அதனைத் தடுக்க இயலும். ஆயினும் எத்தனை பணியாளரை எப்போது அனுப்புவது என்பதில் சிறு பிழையும் ஆட்டத்தை முடித்துவிடும்.

லிம் விதி எதனையும் மீறவில்லை. எனினும் அந்நிகழ்வு 'சம்யோன்பங்' (தொடர்ந்த மூன்று பதுங்கரண்கள்) என்னும் பெயரில் கொரிய இணையப் பண்பாட்டில் பகடியாகவும் மனக்குறையாகவும் நிலைத்தது. இம்மனக்குறை எங்கிருந்து வந்தது?

கோட்பாட்டு நோக்கு

யோகான் ஹெய்சிங்கா 1938இல் வெளியிட்ட ஹோமோ லூடென்ஸ் நூலில் ஏமாற்றுபவனையும் ஆட்டத்தைக் கெடுப்பவனையும் வேறுபடுத்தினார். முன்னவன் விதியை ஏற்பதாக நடிக்கிறான். பின்னவன் ஆட்டத்தின் உலகையே மறுக்கிறான். தொடக்கத்தில் தாக்குபவர் இவ்விரு வகையிலும் அடங்கார். அவர் விதியை நடிப்பின்றி ஏற்கிறார். ஆட்டத்தின் உலகையும் முழுமையாக நம்புகிறார். அவர் ஏற்க மறுப்பது எழுதப்படாத மரபை மட்டுமே.

விளையாட்டு வடிவமைப்பாளர் டேவிட் சர்லின், விதியில் இல்லாத தடைகளைத் தமக்குத்தாமே விதித்துக்கொண்டு பிறரைக் குறைகூறும் ஆட்டக்காரரைக் கடுமையாக விமர்சித்தவர். ஆட்டக்காரரைப் பொறுத்தவரை அவர் வாதம் ஏற்கத்தக்கதே. ஆனால் 2004 அரையிறுதியில் குறைபட்டவர்கள் பார்வையாளர்கள். அவர்கள் களத்தில் இல்லை; வெல்வதும் தோற்பதும் அவர்களுக்கு இல்லை. நீண்ட போரைக் காண வந்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. போட்டி காட்சிப் பொருளாக மாறியபின் எழும் இம்மூன்றாம் தரப்பைச் சர்லினின் நோக்கு கணக்கில் கொள்ளவில்லை. 'நேர்மையின்மை' என்னும் அறச்சொல், காட்சி குறைந்துபோன ஏமாற்றத்துக்கு இடப்பட்ட வேறு பெயரே எனக் கருதலாம்.

நிகழாத தாக்குதலின் பயன்

இவ்விளையாட்டுகளில் தொடக்கங்கள் பொதுவாக ஒரு வட்டமாக அமைகின்றன. வளர்ச்சியை முதன்மைப்படுத்துபவர் காப்பை முதன்மைப்படுத்துபவரை விஞ்சுகிறார். காப்பவர் விரைந்து தாக்குபவரை முறியடிக்கிறார். தாக்குபவர் வளர்ச்சியை நாடியவரை வீழ்த்துகிறார். இவற்றுள் தாக்குதலை நீக்கினால் காப்புக்குத் தேவையில்லை. வேவுக்கும் தேவை குறையும். ஆகவே தாக்குதல் நிகழாத ஆட்டத்திலும், அது நிகழலாம் என்னும் ஐயம் வேவு பார்க்கும் ஒவ்வொரு பணியாளரின் பின்னும் இயங்குகிறது.

டீப்மைண்ட் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்திய ஆல்ஃபாஸ்டார் இதற்குத் துணைச்சான்று. ஸ்டார்கிராஃப்ட் 2 விளையாட்டுக்கான அச்செயற்கை நுண்ணறிவு, பயிற்சியின் தொடக்கக் கட்டத்தில் ஃபோட்டான் பீரங்கித் தாக்குதல் போன்ற குறுக்குவழிகளை நாடியது; பயிற்சி வளர வளர அவற்றைக் கைவிட்டது. தொடக்கத் தாக்குதல் முதிர்ச்சியற்றது என்பார்க்கு இது வலுச்சேர்ப்பதாகத் தோன்றலாம். ஆனால் அதே ஆய்வில், முதன்மை முகவர்களின் குறைகளைக் கண்டறிவதற்கென்றே தனி எதிராளி முகவர்கள் பயிற்றுவிக்கப்பட்டனர். எல்லோரையும் வெல்வது அவற்றின் பணியாக வைக்கப்படவில்லை. மனிதக் களத்தில் சீஸ் ஆட்டக்காரர் ஆற்றும் பணியும் அதுவே.

வடிவமைப்பின் தீர்ப்பு

ஸ்டார்கிராஃப்ட் 2, 2010இல் 6 பணியாளருடன் தொடங்கியது. 2015இல் வெளிவந்த லெகசி ஆஃப் தி வாய்ட் அவ்வெண்ணிக்கையை 12 ஆக்கியது. ஆட்டம் மந்தமாகத் தொடங்குவது குறைந்தது. பார்வையாளருக்கு இது நன்மையே. தொடக்கத் தாக்குதல் அழியவில்லை. பீரங்கித் தாக்குதலும் 12 பணியாளருடன் எழுப்பும் ஸ்பானிங் பூலும் தொடர்ந்தன. ஆனால் 6 பணியாளருடன் நின்றுவிடும் பழைய தொடக்கம் இயலாததாயிற்று. ஏழ்மையைத் தானே தேர்ந்து, அதன் விலையில் விரைவைப் பெறும் உரிமை சுருங்கியது. ஆட்டக்காரர் தேர்வாக இருந்த ஒன்றை வடிவமைப்பு முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டது.

முடிவுரை

தொடக்கத் தாக்குதலைப் புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அதுவே வழக்கமாகிவிட்டால் ஆட்டம் வறண்டுபோகும் என்பதில் ஐயமில்லை. எனினும் அதனை அறக்குறையாகக் கருதும் நோக்கு, விதி, மரபு, காட்சி ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்புகிறது. மரபு தன் வலிமையை அறிய அதனை மீறுவோர் தேவை. எண்ணியல் விளையாட்டுகளைத் திறனாய்வுக்கு உட்படுத்துவோர், வென்றவர் எவ்வாறு வென்றார் என்பதோடு, எந்த வழிகள் யாருடைய நலனுக்காக அடைக்கப்பட்டன என்பதையும் வினவ வேண்டும்.