சனிக்கு ஒரு படம், ஞாயிறுக்கு அதற்குப் பதில்

வார இறுதியில் டிவியில் பழைய ஹாலிவுட் படம் பார்க்கணும்னா, இந்த இரண்டு வெஸ்டர்ன்களையும் ஜோடியாகப் பாருங்கள். சனிக்கிழமை ஃப்ரெட் ஜின்னமனின் 'ஹை நூன்' (1952). ஞாயிறு, அதற்குப் பதிலாக ஹோவர்ட் ஹாக்ஸ் எடுத்த 'ரியோ பிராவோ' (1959).

'ஹை நூன்' சுமார் 85 நிமிடம்தான். கதை நடக்கும் நேரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. பழிவாங்க வரும் ரவுடியின் ரயில் நண்பகலில் வந்துவிடும். மார்ஷல் கேரி கூப்பர் ஊரெல்லாம் துணைக்கு ஆள் கேட்டு அலைகிறார், ஒருத்தரும் வருவதில்லை. திரைக்கதை எழுதிய கார்ல் ஃபோர்மனுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். 1951-ல் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னால் யாரையும் காட்டிக்கொடுக்க மறுத்தார். ஹாலிவுட் அவரைக் கறுப்புப் பட்டியலில் தள்ளியது.

ஹாக்ஸுக்கும் ஜான் வெய்னுக்கும் படம் பிடிக்கவில்லை. நல்ல ஷெரீப் இப்படியா ஊர்க்காரர்களிடம் போய்க் கெஞ்சுவான் என்பது ஹாக்ஸின் கேள்வி. அதனால் 'ரியோ பிராவோ'வில் வெய்ன் ஊராரிடம் கைநீட்டுவதில்லை. சரி, ஆனால் கவனித்துப் பாருங்கள்: குடிகார உதவியாளன், கால் தாங்கி நடக்கும் கிழவன், துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த பையன் என்று யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கிறார்கள். கேட்க வேண்டிய நிலைமையே அவருக்கு வரவில்லையே!

ஜாலியான படம் எதுன்னு கேட்டால் 'ரியோ பிராவோ'தான். ஆனால் கேட்டு, கிடைக்காமல், அப்புறமும் தெருவில் இறங்கி நின்றவர் கூப்பர். என் ஓட்டு அவருக்கே.