பத்துக்குப் பன்னிரண்டு

ஹாலி-எலவிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும் பாதையோரம், ஆடி மாதத்துக் கச்சான் காற்று தேயிலைச் செடிகளின் மேல் வறண்டு வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆசனங்கள் யாவும் கழற்றப்பட்டு, கண்ணாடிகளில் இரண்டு உடைந்து, உள்ளே கோழிகள் குடியேறியிருந்த ஒரு பழைய ரோஸா பஸ்ஸை நான் முதன்முதலாகக் கண்டபோது, என்னுடன் வந்திருந்த தச்சு பாஸ் அதன் எஞ்ஜினையும் பார்க்கவில்லை, டயர்களையும் பார்க்கவில்லை. உள்ளே ஏறிக் கோழிகளை விரட்டிவிட்டு, அடி மேல் அடி வைத்து நீளத்தை அளந்தார். “காம்பராவைவிட நீளங் கூட, தம்பி, அகலந்தான் பத்தாது” என்றார்.

மலைநாட்டுக்கு அப்பால் பிறந்தவர்களுக்கு இந்த அளவுகோல் விளங்காது. தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பத்துக்கு விடப்பட்ட அறைக்குக் காம்பரா என்று பேர். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது அதன் பிரசித்தி பெற்ற அளவு. சமைப்பதும் உண்பதும் உறங்குவதும் பிரசவிப்பதும் பிணத்தைக் கிடத்துவதும் அந்த நூற்றிருபது சதுர அடிக்குள்ளேதான். ஓட்டுநர் ஆசனம் நீங்கலாக நம்முடைய ரோஸாவில் எஞ்சியிருந்தது ஆறடி அகலமும் பதினேழடி நீளமும். அதாவது, நான் உல்லாசப் பிரயாணத்துக்கென்று தேடிப் போன இடம், பாஸ் ஏழு பேருடன் பிறந்து வளர்ந்த இடத்தைவிடச் சற்றே சிறியது. இந்த விசித்திரத்தை அவர் அன்றே உணர்ந்தார். எனக்குப் பல மாதங்கள் பிடித்தன.

சக்கரத்தின் மேல் வாசம் செய்வது ஊவாப் பிரதேசத்துக்குப் புதிதன்று. ரயில் பண்டாரவளையை எட்டியது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். அதற்கு முன்னே கோப்பியும் பின்னர் தேயிலையும் அப்புத்தளைக் கணவாய் வழியே ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கியது மாட்டு வண்டிகளில். வண்டிக்காரன் கூண்டுக்குக் கீழே அடுப்பு மூட்டி, கூண்டுக்கு உள்ளே தலை சாய்த்து, இருசில் லாந்தரைத் தொங்கவிட்டுக்கொண்டு நாட்கணக்கில் குடித்தனம் நடத்தினான். ஆனால் அவனை யாரும் உல்லாசி என்று சொன்னதில்லை. பொழுதுபோக்குக்காகவே ஒரு வீட்டைச் சக்கரத்தில் ஏற்றிய பெருமை, கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற கனவானைச் சேர்ந்தது. 1885இல் பிரிஸ்டலில் அவருக்காகக் கட்டப்பட்ட ‘வாண்டரர்’ என்ற மர வண்டியை இரண்டு குதிரைகள் இழுத்தன. தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வர்னெஸ் வரையில் அதிலேயே போய்ச் சேர்ந்தார். பிற்பாடு 1951இல் ஜெர்மனியின் வெஸ்ட்பாலியா நிறுவனத்தார் வொக்ஸ்வாகன் வானுக்குள் வைப்பதற்கென்று அலமாரியும் படுக்கையும் ஒருங்கே அமைந்த பெட்டி ஒன்றைச் செய்தார்கள். வேண்டும்போது ஏற்றி, வேண்டாதபோது இறக்கிவிடலாம். வீட்டை விட்டுவிட்டுப் போவதில் இன்பம் காண்பதற்கு முதலில் விட்டுவிட ஒரு வீடு இருக்க வேண்டும் என்பது இவ்விரண்டு சரித்திரங்களிலும் சொல்லாமல் விடப்பட்ட விஷயம்.

வாங்கும் கலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இலங்கையில் ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு தகரமும் பொன்னாயிற்று. ஆதலால் விற்கிறவன் சாமர்த்தியசாலியாகவே இருப்பான் என்று வைத்துக்கொண்டுதான் புறப்பட வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போய், பேச்சுக் கொடுத்தபடியே எஞ்ஜின் மூடியின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் அது கிளம்ப மறுக்கும் நோயை உங்கள் வருகைக்கு முன்னமே யாரோ ஆற்றி வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். பண்டாரவளைக் குளிரில் டீசல் எஞ்ஜினின் உண்மை சுபாவம் விடியற்காலையில்தான் வெளிப்படும். புகையும் ஒரு பாஷை: நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, கறுப்பு என்றால் டீசல் மிகுதியாகப் பாய்கிறது, விடாமல் வெள்ளையாக வந்து, எண்ணெய்க் கோலில் பால் கலந்த கோப்பி நிறம் தெரிந்தால், தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போய்விட்டது, கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவது உத்தமம்.

ஆயினும் எஞ்ஜினைக் காட்டிலும் துருவுக்கே நான் அஞ்சுவேன். எஞ்ஜின் கெட்டால் மாற்றலாம். உடம்பு உளுத்துவிட்டால் வண்டியே இல்லை. மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். சக்கர வளைவுகளிலும், கூரையின் நீர்த்தாரை ஓரத்திலும், படிக்கட்டின் அடியிலும் அதைத் தடவிக்கொண்டே போனால், தகரம் உள்ள இடத்தில் பற்றும். பொத்தலைப் பட்டி வைத்து அடைத்து வர்ணம் பூசிய இடத்தில் வெட்கப்பட்டதுபோல் நழுவி விழும். எங்கள் ரோஸாவில் அது ஒன்பது இடங்களில் விழுந்தது. ஒவ்வொரு விழுகைக்கும் விலை சிறிது இறங்கிற்று. விற்றவருக்கு அந்தக் காந்தத்தின் மேல் ஏற்பட்ட வெறுப்பை வர்ணிக்க என்னால் முடியாது.

அதன்பின் பதுளையில் ஒரு கராஜில் ஐந்து வாரம் தகர வேலை நடந்தது. அதை நீட்டிச் சொல்லப் போவதில்லை. அறுத்த இடத்தில் புதுத் தகரம் பற்றவைப்பதும், மழைத் தண்ணீர் நுழைந்த துவாரத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதும், எல்லா ஊரிலும் ஒன்றே. மின்சார வேலைக்கு வந்த பையனிடம் மாத்திரம் ஒரு பாடம் கற்றேன். ஜப்பானியச் சிறு பஸ்களில் பன்னிரண்டு வோல்ட் பெட்டரிகள் இரண்டைத் தொடுத்து இருபத்துநான்கு ஆக்கியிருப்பார்கள். விளக்குக்கென்று ஒன்றிலிருந்து மாத்திரம் மின்சாரம் எடுத்தால், இரட்டைப் பிள்ளைகளில் ஒன்றுக்கு மட்டும் சோறு போட்ட கதையாக, சிறிது காலத்தில் இரண்டுமே வீணாகும். வீட்டு உபயோகத்துக்கு வேறொரு பெட்டரி தனியே வைத்தான். வண்டியின் வகையை மாற்றுவதற்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி பெற்றுப் பதிவுப் புத்தகத்திலும் மாற்றம் செய்தாக வேண்டும். அந்தப் படலம் தனிப் புராணம்.

இனித் தச்சு வேலை. என்னுடைய ரசனைக்குரிய விஷயம் இதுவே.

நான் ஒரு காகிதத்தில் வரைந்து கொண்டுபோன திட்டத்தை பாஸ் வாங்கி, மரியாதையாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார், மறுபடி எடுக்கவேயில்லை. கராஜ் முற்றத்தில் சுண்ணாம்பால் ஆறுக்குப் பதினேழு கோடு கிழித்து, அதற்குள் என்னைப் படுக்கச் சொன்னார், எழச் சொன்னார், அடுப்பு இருக்கப்போகும் இடத்தில் குந்தச் சொன்னார். ஓர் ஆள் சமைக்கையில் மற்றொருவன் கதவுக்குப் போக முடிகிறதா என்று தம் மகனைக் கோட்டுக்குள் நடக்கவைத்துப் பரீட்சித்தார். ஒரு பொருளுக்கு ஒரே வேலை கொடுப்பது அவருடைய சாஸ்திரத்தில் பாவம். பகலில் இருக்கையாக இருப்பது இரவில் படுக்கை. அதன் அடியில் உடுப்புப் பெட்டி. மேசைப் பலகை கீழே மடிந்தால் அடுப்புக்குத் திரை. அடுப்புக்கு மேலே, லயத்தில் விறகு காயப்போடும் பரணின் ஸ்தானத்தில், ஈரத் துணி உலரும் ஒரு சட்டத்தை அமைத்தார். அடுப்புச் சூடு வீணாகக் கூடாதாம். கட்டடக் கலைஞர்கள் சித்திரம் போட்டு விளக்கும் இவையெல்லாம் அவருக்கு அம்மா கற்பித்தவை. காலையில் பாய் சுருண்டு மூலைக்குப் போனால் அறை சமையற்கட்டாகும். பழைய சேலை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டால் மணமக்களுக்குத் தனியறையாகும். இந்த வித்தையைத்தான் அவர் மரத்தில் எழுதினார்.

மரம் எது என்று கேட்பீர்கள். எனக்குப் பலாவின் மஞ்சள் மேல் ஆசை. கனம் என்று தள்ளிவிட்டார். தேயிலைக்கு நிழலாகவும் காற்றுத் தடுப்பாகவும் நம் தோட்டமெங்கும் நிற்கிற கிரவில்லியாவை, தோட்டத்தார் சவுக்கு என்பார்கள். விறகென்று எல்லோரும் அலட்சியம் செய்யும் அந்த மரத்தை வாகாக அறுத்தால், உள்ளே வலைப்பின்னல் போன்று வெள்ளி மின்னும் ரேகைகள் ஓடுவதைக் காணலாம், எடையும் குறைவு. முன்னர் தேயிலைப் பெட்டிப் பலகையில் அலமாரியும் தொட்டிலும் செய்து வாழ்ந்த ஜனங்களின் வாரிசு, வாசலில் நிற்கும் மரத்தை விட்டுக் காட்டு மரத்தைத் தேடுவாரா? கச்சான் ஓயுமுன் பலகைகளை இழைத்து முடித்துவிட வேண்டும் என்று அவசரப்பட்டார். ஆனால் இழுப்பறைகளை மட்டும் நன்றாக இறுகப் பொருத்தாமல் ஒரு நூல் இடைவெளி விட்டார். எனக்கு அது குறைபாடாகப் பட்டது. ஐப்பசி மழை தொடங்கியதும் மரம் ஊதி அந்த இடைவெளியை அளந்து நிரப்பியபோது, வாயை மூடிக்கொண்டேன்.

ஆணி அடிக்க அவர் இசையவில்லை. ஓடுகிற வண்டியில் ஆணி நாளடைவில் தளர்ந்து கிறீச்சிடும். நாக்கும் துளையுமாகக் கோத்து, பசையும் திருகாணியும் வைத்தார். இழுப்பறைகளின் அடியில் ஒரு சிறு பள்ளம் வெட்டியிருந்தது: சற்றே தூக்கி இழுத்தாலொழியத் திறவாது. எல்லப் பக்கத்துக் கொண்டையூசி வளைவுகளில் ஒரு சமையற்கட்டு முழுவதும் திறந்து கொட்டுவதைத் தடுப்பது இந்த விரற்கடைப் பள்ளந்தான். பூட்டில்லை, கொக்கியில்லை, பார்ப்பவர் கண்ணுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இதைவிட அழகான தச்சு வேலையை நான் கண்டதில்லை என்று சொல்வதில் மிகையில்லை.

எடையைப் பற்றி எங்களுக்குள் ஒரு தர்க்கம். நூறு லீற்றர் தண்ணீர் என்பது நூறு கிலோ. அந்தத் தாங்கியைப் பின்புறத்தில், பின் சக்கரத்துக்கு அப்பால் தள்ளி வைக்க விரும்பினேன். அப்படி வைத்தால் அப்புத்தளை ஏற்றத்தில் முன் சக்கரம் பாரமிழந்து ஸ்டியரிங் பிடி கொடுக்காது என்று மறுத்து, இரு சக்கரங்களுக்கு நடுவே, தரைக்கு அடியில் அமைத்தார். காஸ் சிலிண்டரில் பெரிய 12.5 கிலோவை விடுத்து 5 கிலோவை வைத்தோம். அந்த வாயு காற்றைவிடக் கனமாதலால் கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் ஒன்று. சுவரின் தகரத்துக்கும் பலகைக்கும் இடையே ரெஜிபோம் நிரப்பினோம். இல்லாவிட்டால் மலைக் குளிரில் மூச்சுக்காற்றே தகரத்தில் படிந்து உட்புறம் மழை பெய்யும்.

கண்ணாடிகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பஸ்ஸல்லவா, இரு பக்கமும் கண்ணாடிகள். அவற்றில் பாதியைத் தகரம் வைத்து மூடினால் அலமாரிக்கு இடம் கிடைக்கும், குளிரும் குறையும் என்பது என் அபிப்பிராயம்; இந்தக் கலையை அறிந்தவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் செய்வார்கள். எல்லாவற்றுக்கும் நியாயம் சொல்லி விளக்குகிற பாஸ் இதற்கு மாத்திரம் நியாயம் சொல்லவில்லை. “மூடக் கூடாதுங்க” என்றார், அவ்வளவுதான். அலமாரிகளை இடுப்பளவோடு நிறுத்தினார். கண்ணாடியில் வழியும் பனிநீர் மரத்தை நனைக்குமென்று நான் மடக்கியதற்கு, ஒவ்வொரு கண்ணாடியின் அடியிலும் விரலகலக் காடி வெட்டி, அதன் கோடியில் வெளியே வடிய ஒரு துளை இட்டுவிட்டு, பதில் பேசாமல் போய்விட்டார்.

தை பிறந்தபின் முதற் பிரயாணம். பாஸும் அவர் மனைவியும் உடன் வந்தார்கள். கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் ஹாலி-எல கடக்கும் வரையில் தலைக்கு மேல் இருந்த பிடிகம்பியை விடவில்லை. பண்டாரவளைக்கு அப்பால் ஒரு வளைவில் ஏதோ கிறீச்சென்றது. எனக்குக் கேட்கவில்லை, பாஸுக்குக் கேட்டது. நிறுத்தச் சொல்லி, ஒவ்வொரு கதவாகக் காது வைத்துப் பார்த்து, கண்டுபிடிக்க முடியாத கோபத்துடன் மறுபடி உட்கார்ந்தார்.

அன்றிரவு அப்புத்தளைக்கு அருகே, தெரிந்தவர் ஒருவரின் மரக்கறித் தோட்டத்து ஓரத்தில் தங்கினோம். விடியும்போது வெளியே ஒன்றும் இல்லை, வெண்மை மாத்திரம். அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருக்கையில், பனி கீழிருந்து கிழிந்து, தெற்கே மலை சட்டென்று முடிந்து சமவெளி தாழ்ந்து விரிவது ஒவ்வொரு கண்ணாடியிலும் ஒவ்வொரு துண்டாகத் தெரியலாயிற்று. அம்மாள் எழுந்து, இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடிக்கு, நெடுநேரம் நடந்துகொண்டிருந்தாள்.

“எங்க காம்பரா முதுகோட முதுகு ஒட்டின லயங்க, தம்பி” என்றாள் என்னிடம். “பின்னாடி அடுத்த வீட்டுச் சொவரு. ஜன்னலே கெடையாது. நாலு புள்ளையையும் அந்த இருட்டுலதான் பெத்தேன். இவருக்குத் தெரியும்.”

பாஸ் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கீழ் இழுப்பறையை முழுவதும் வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் ஓரத்தில் மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.